பினாங்கு வெயிலில் நிற்கும் காருக்கு எந்த வாக்ஸ்? சில ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பினாங்கில் கூரையில்லாத இடத்தில் கார் நிறுத்துபவர் எந்த வாக்ஸ் வாங்க வேண்டும் என்பதை டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் பளபளப்பான படம் சொல்லாது. கார் எங்கே நிற்கிறது, அதை யார் கழுவுகிறார்கள் என்ற இரண்டைப் பொறுத்தே அது அமையும். எங்கள் குடும்பத்தில் இரண்டு கார்கள் உள்ளன. கறுப்பு நிறப் பெரோடுவா மைவி, ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் திறந்த நிறுத்துமிடத்தில் இரவும் பகலும் நிற்கிறது. வெள்ளை நிறப் புரோட்டோன் சாகா, புக்கிட் மெர்தாஜாமில் மாமனார் வீட்டு வாசலில் கூரைக்குக் கீழே நிற்கிறது. இரண்டுக்கும் பல ஆண்டுகளாக நானே வாக்ஸ் போட்டு வருவதால், ஒரே டப்பா ஒரு காரில் மாதக்கணக்கில் தாங்குவதையும் மற்றொன்றில் சில வாரங்களிலேயே கரைந்து போவதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

முதலில் பாலிஷ் வேறு, வாக்ஸ் வேறு என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பாலிஷில் அலுமினியம் ஆக்சைடு போன்ற மிக நுண்ணிய தேய்பொருள் இருக்கிறது. அது சாயத்தின் மேலடுக்கைச் சீவி எடுத்துக் கோடுகளை மறையச் செய்கிறது. வாக்ஸ் எதையும் எடுப்பதில்லை, மேலே ஒரு படலத்தை விட்டுச் செல்கிறது. இன்றைய கார்களில் அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அவற்றின் மேல் நிறமற்ற கிளியர் கோட் எல்லாம் சேர்த்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன்தான் இருக்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சேர்மங்கள் இந்த மெல்லிய அடுக்கில்தான் இருக்கின்றன. நம் சாலைகளில் கூரையும் போனட்டும் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்து ஓடும் பழைய கார்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் கிளியர் கோட் போய்விட்டது. அதன் பிறகு எந்த டப்பாவும் உதவாது.

பிறை நகரில் கார்ச் சாயப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் மைவியைக் காட்டி, போனட்டில் உள்ள வட்டக் கோடுகளை எல்லாம் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் தடிமன் அளக்கும் கருவியை ஐந்தாறு இடங்களில் வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, தேய்ச்சு எடுக்கலாம், எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. வெயில்ல நின்னு பாக்குறப்பதானே தெரியுது? இருந்துட்டுப் போகட்டும்,” என்றார். வேலை கிடைக்கும் வாய்ப்பைத் தானே விட்டுக்கொடுத்த மனிதரின் சொல்லுக்கு மதிப்புண்டு. அதன் பிறகு ஆழமான கீறல் விழுந்த இடத்தில் மட்டும் கையால் மெல்லிய பாலிஷ் போடுகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை கார் முழுவதும் இயந்திரத்தால் பாலிஷ் போடும் வழக்கம் நம் வெயிலுக்கு ஏற்றதல்ல என்பது என் கருத்து.

இனி வாக்ஸ். கார்னௌபா என்பது வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையில் படியும் மெழுகு. இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றுள் அதுவும் ஒன்று. 82 முதல் 86 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் உருகும். இந்த எண்ணைக் காட்டித்தான் வெப்ப நாடுகளுக்கு உகந்தது என்று விற்கிறார்கள். ஆனால் தனிக் கார்னௌபாவைச் சாயத்தில் தேய்க்க இயலாது, அது அவ்வளவு கடினம், எளிதில் நொறுங்கும். ஆகவே டப்பாவில் இருப்பது கரைப்பானோடும் தேன்மெழுகு, பாரஃபின் முதலிய மென்மையான மெழுகுகளோடும் சேர்த்த கலவை. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும், பாரஃபின் வகைகள் பல அதற்கும் குறைவில் உருகும். நண்பகலில் கறுப்புப் போனட்டின் சூடு 60 டிகிரியைத் தாண்டுவது நம் ஊரில் வியப்பன்று. மைவியில் கார்னௌபா பேஸ்ட் போட்ட முதல் வாரம் அதன் அழகுக்கு இணையே இல்லை, நிறம் ஆழமாகி ஈரம் படிந்ததுபோல் தோன்றும். அடுத்த மாதத்துக்குள் கூரையிலும் போனட்டிலும் தண்ணீர் சோம்பலாகப் படர்ந்து நிற்கத் தொடங்கிவிடும். அதே டப்பா, நிழலில் நிற்கும் வெள்ளைச் சாகாவில் நான்கு மாதம் வரை வேலை செய்கிறது.

அதனால் மைவிக்குச் செயற்கைப் பாலிமர் வாக்ஸுக்கு மாறினேன். சீலண்ட் என்ற பெயரில் விற்பது இதுதான். டர்டில் வாக்ஸ், மெகுயர்ஸ், சாஃப்ட்99 என நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் நிறுவனங்கள் எல்லாம் கார்னௌபா வகையையும் செயற்கை வகையையும் தனித்தனியே விற்கின்றன. ஆகவே நிறுவனத்தின் பெயரைக் கேட்டு வாங்குவதைவிட வகையைக் கேட்டு வாங்குவதே சரி. நான் இப்போது வைத்திருக்கும் டப்பாவின் விலை ஏறத்தாழ 70 வெள்ளி (ரிங்கிட்). கைக்கு அடக்கமான சிறிய டப்பாதான் என்றாலும் சில ஆண்டுகளுக்கு வரும். டப்பாவில் சொல்லியிருக்கும் காலம் எந்த வகையிலும் நம் திறந்தவெளிக்குப் பொருந்துவதில்லை. அதில் பாதியை எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது. பளபளப்பில் கார்னௌபாவைவிட இது சற்றுக் கண்ணாடித்தன்மை கொண்டது, சிலருக்கு அது பிடிக்காது. எனக்கு அதுபற்றி வருத்தமில்லை.

வாக்ஸ் பற்றிய பேச்சில் எல்லோரும் பெருமையாகக் காட்டுவது, மழைத்துளி முத்து முத்தாகத் திரண்டு நிற்கும் படத்தை. இதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மழை நின்ற சற்று நேரத்திலேயே சுள்ளென்று வெயில் அடிக்கும் ஊரில், திரண்டு நிற்கும் ஒவ்வொரு துளியும் தன்னுள் உள்ள தூசியையும் உப்பையும் ஒரே புள்ளியில் குவித்துவிட்டுத்தான் காய்கிறது. சில மாலைகளில் கறுப்புக் கூரையில் சுண்ணாம்பு தெளித்தது போன்ற வட்டங்கள் நிறைந்திருக்கும். அவற்றை விரலால் தேய்த்தால் போகாது. நீர்த்துளி உருப்பெருக்கிக் கண்ணாடியாக மாறிச் சாயத்தைச் சுடுகிறது என்று சொல்பவர்கள் உண்டு, ஆனால் துளி சாயத்தோடு ஒட்டியே இருப்பதால் ஒளி குவியும் இடம் சாயத்துக்கும் அப்பால்தான் விழும். கறைக்குக் காரணம் துளியில் கரைந்திருப்பவையே. உயரமான முத்துகளாகத் திரட்டாமல், தண்ணீரை ஒரே படலமாக வழித்துக் கீழே விடும் வாக்ஸ்தான் ஓடாமல் நிற்கும் காருக்கு நல்லது. நான் பயன்படுத்திய பாலிமர் வகை அப்படிச் செய்தது. வட்டக் கறை விழுந்துவிட்டால், வெள்ளை வினிகரோடு சம அளவு சுத்திகரித்த தண்ணீர் சேர்த்துத் துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்திருந்து, நன்றாகக் கழுவிவிடுவது உதவும். அந்த இடத்தில் வாக்ஸ் மறுபடி போட வேண்டியிருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தண்ணீர் திரள்வது நின்றுவிட்டதாலேயே வாக்ஸ் தீர்ந்துவிட்டதாக முடிவுகட்டக் கூடாது. ஜெலுத்தோங் நெடுஞ்சாலைப் புகையும் தூசியும் மேலே படிந்தாலும் அப்படித்தான் தோன்றும். ஷாம்பு போட்டுக் கழுவிய பிறகு பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

பறவை எச்சத்தை எந்த வாக்ஸும் வெல்லாது. எங்கள் நிறுத்துமிடத்தில் மைனாக்கள் தாராளமாக இருக்கின்றன. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலமும் வெயிலின் சூடும் சேர்ந்தால் கிளியர் கோட்டில் பள்ளம் விழுகிறது. சூட்டில் இளகும் சாயம், காய்ந்து இறுகிய எச்சத்தைச் சுற்றிப் படிந்து குளிர்வதால்தான் அந்தத் தடம் நிலைத்துவிடுகிறது. வாக்ஸ் இருந்தால் சில மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவே. காரில் ஒரு தண்ணீர்ப் போத்தலும் இரண்டு துணியும் வைத்திருக்கிறேன். காய்ந்த எச்சத்தின் மேல் நனைத்த துணியைப் போட்டு ஊறவிட்டு எடுக்க வேண்டும், சுரண்டக் கூடாது. சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் கீழே நிறுத்தினால் பூச்சிகள் வெளியிடும் பிசுபிசுப்பு கண்ணாடியிலும் சாயத்திலும் நுண்ணிய தூறலாக ஒட்டிக்கொள்ளும். பாலிமர் வாக்ஸின் மேல் அது சாதாரணக் கழுவலிலேயே போய்விடுகிறது. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் முருகனின் வெள்ளி இரதம் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் பாதையில் குவியல் குவியலாக உடைபடும் தேங்காய்களின் நீர் தெறித்துக் காய்ந்ததும் அப்படியே போயிற்று.

ஆயுத பூஜைக்கு வேறு கவனம் வேண்டும். கார்னௌபா பேஸ்ட் போட்ட மறுநாளே சாகாவின் போனட்டில் மாமியார் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மெழுகு இன்னும் இளகலாக இருந்ததால் குங்குமத்தின் சிவப்பு அதில் இறங்கி, கழுவிய பிறகும் காசளவில் ஒரு ரோஜா நிற வளையமாக வெள்ளைச் சாயத்தில் தெரிந்தது. அடுத்த முறை வாக்ஸ் போட்டபோது அதன் கரைப்பானிலேயே அது கரைந்து வந்துவிட்டது. பூஜைக்கு ஒரு வாரம் முன்பே வாக்ஸ் வேலையை முடித்துவிடலாம். காய்ந்த சந்தனத்தை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டாம், அதன் துகள் கறுப்புச் சாயத்தில் கோடு போடும்.

போடும் முறையில் நம் காற்றின் ஈரப்பதத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல், உள்ளங்கையைப் போனட்டில் வைத்தால் சூடு தெரியாத நேரத்தில் தொடங்குகிறேன். கழுவி முடித்ததும் கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு சாயத்தைத் தடவிப் பார்ப்பது நல்ல சோதனை: வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரிந்த கூரை, பையின் வழியே மணல் ஒட்டியதுபோல் நறநறக்கும். அப்படியிருந்தால், ஒட்டிய துகளைப் பிடித்தெடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பார் கொண்டு, ஷாம்புத் தண்ணீர் தெளித்தபடி, அழுத்தாமல் தடவி எடுத்த பிறகே வாக்ஸ். பஞ்சை டப்பாவில் ஒருமுறை மெல்லத் திருப்பினாலே அரைப் போனட்டுக்குப் போதும். தடிமனாகப் பூசினால் துடைத்தெடுக்கும் துன்பம்தான் கூடும். டப்பாவில் ஐந்து பத்து நிமிடம் என்று போட்டிருந்தாலும் மழை பெய்து ஓய்ந்த மாலையில் அது காய்வதற்கு இரு மடங்கு நேரம்கூட ஆகிறது. விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்க்க வேண்டும்: கோடு ஈஷினால் இன்னும் காத்திருக்கலாம், விரல் பட்ட இடம் சுத்தமாகக் கண்ணாடிபோல் தெரிந்தால் துடைக்கலாம். வைப்பர் அடியில் உள்ள கறுப்புப் பிளாஸ்டிக்கில் பேஸ்ட் பட்டால் வெள்ளையாகக் காய்ந்து எளிதில் போகாது, அதனால் அந்த ஓரத்துக்கு நாடா ஒட்டிவிடுகிறேன்.

செராமிக் ஸ்ப்ரே என்று இப்போது விற்பவற்றையும் பயன்படுத்திப் பார்த்தேன். தெளித்துத் துடைக்கும் எளிமைக்காக அதை விரும்பலாம். ஈரமான மாலையில் கறுப்புச் சாயத்தில் அது திட்டுத்திட்டாகப் பூத்து நிற்கும், உடனே இரண்டாவது துணியால் துடைக்காவிட்டால் மறுநாள் வெயிலில் தெரியும். தனியாக அது சில வாரங்களுக்கு மேல் தாங்கவில்லை. பாலிமர் வாக்ஸின் மேல் மாதம் ஒருமுறை தெளித்தால் அடியிலுள்ளதன் ஆயுளைக் கூட்டுகிறது. பட்டறைகளில் போடும் உண்மையான செராமிக் கோட்டிங்குக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் விலை சொன்னார்கள். விலையைவிட எனக்குத் தடையாக இருந்தது, அதற்கு முன் கார் முழுவதையும் இயந்திரத்தால் தேய்த்தாக வேண்டும் என்பது. புதுக் காருக்கு அது பொருந்தலாம். வயதான மைவியின் கிளியர் கோட்டை அதற்குச் செலவழிக்க மனமில்லை.

எந்த வாக்ஸையும் சீக்கிரம் தீர்ப்பது, கடைகளில் நுரை தெளித்துக் கழுவும் மலிவான ஸ்னோ வாஷ். நுரையில் காரத்தன்மை மிகுந்த சோப்பு கலக்கும் கடைகள் உண்டு, டயர் துடைத்த துணியே கதவுக்கும் வரும் இடங்களும் உண்டு. நேரமில்லாதபோது நானும் போகிறேன், ஆனால் சொந்தமாக இரண்டு மைக்ரோஃபைபர் துணி கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்; கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

மைவிக்கு இப்போது ஆண்டில் இருமுறை பாலிமர் வாக்ஸ் போடுகிறேன்: தைப்பூசம் முடிந்ததும் ஒருமுறை, செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் பெருமழைக்கு முன் ஆகஸ்டில் ஒருமுறை. கூரைக்கும் போனட்டுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு பூச்சு. கதவுகளுக்கு ஒன்றே போதும், செங்குத்தான பக்கங்களில் வெயிலும் தேங்கும் நீரும் குறைவு என்பதால் அங்கே வாக்ஸ் மெதுவாகவே தேய்கிறது.