மணலிலும் உப்புக்காற்றிலும் சிபிஎல் ஃபில்டர்: நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

ஜெய்சல்மேரை அடுத்த மணல்மேடுகள், கட்ச் பகுதியின் வெள்ளை ரண் என்ற உப்புப் பாலை, தனுஷ்கோடி, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு. சில வருடங்களாக என் பயணங்கள் இந்த நான்கு இடங்களையே சுற்றி வருகின்றன. இவற்றுக்கெல்லாம் நான் தவறாமல் எடுத்துப்போகும் ஒரே ஃபில்டர் சர்குலர் போலரைசர், சுருக்கமாக சிபிஎல். கேமரா லென்ஸ் முன் மாட்டி, வளையத்தைச் சுழற்றி, ஒரு குறிப்பிட்ட திசையில் அதிரும் ஒளியைத் தடுக்கும் கண்ணாடி இது. மற்ற ஃபில்டர்கள் ஒவ்வொன்றாகப் பையை விட்டுப் போய்விட்டன. வானத்தை அடர்த்தியாக்குவது, நிறத்தை ஏற்றுவது எல்லாம் வீட்டுக்கு வந்து லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் செய்துகொள்ளலாம். ஆனால் தண்ணீர் மேல் மின்னும் வெளிச்சத்தை நீக்கி அடியில் கிடப்பதைக் காட்ட மென்பொருளால் முடியாது. அடியிலிருந்து வரும் ஒளி அந்த மினுக்கத்தில் மூழ்கிய பிறகு எதை மீட்பது?

இதன் முழு வீச்சையும் தனுஷ்கோடியில்தான் பார்த்தேன். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தபின் ட்ரைபாடும் பையுமாக மணலில் நடக்க வேண்டியதில்லை. சாலைக்கு ஒரு பக்கம் அலையடங்கிய கடல், மறுபக்கம் அலையடிக்கும் கடல். பெண்கடல், ஆண்கடல் என்பார்கள். சிபிஎல்லுக்கு ஏற்றது அடங்கிய பக்கம். நீர்ப்பரப்பிலிருந்து சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது, அதில் பட்டுத் திரும்பும் ஒளி ஏறக்குறைய முழுவதும் ஒரே திசையில் அதிரும். வளையத்தைத் திருப்பி அதை அடைத்துவிட்டால் அடிமணலின் வரிகள் அப்படியே எழுந்து வரும். கணக்கெல்லாம் வேண்டாம்: நின்ற இடத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளியுள்ள தண்ணீரைப் பாருங்கள், கோணம் கிட்டத்தட்ட அதுதான். தொடுவானத்தை ஒட்டிய கடலுக்கு இந்தப் பலன் வெகுவாகக் குறையும்.

வானத்துக்கு விதி வேறு. சூரியனுக்கு 90 டிகிரி தள்ளியிருக்கும் பட்டையில்தான் நீலம் அதிகம் ஆழமாகும். ஆட்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக வைத்து மணிக்கட்டைச் சுழற்றினால் கட்டைவிரல் காட்டும் இடமெல்லாம் அந்தப் பட்டை. சித்திரை பிறக்கும் நாட்களில் தனுஷ்கோடியில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அப்போது தொடுவானம் முழுக்க இந்தப் பட்டைக்குள் வந்துவிடும். பகல் பன்னிரண்டு மணிக்கு கேமராவைத் தொடாதே என்பது புகைப்படக்காரர்கள் சொல்லும் பொதுவிதி. அந்த ஊரில், அந்த மாதத்தில், இடிந்த தேவாலயச் சுவரையும் வானத்தையும் சேர்த்து எடுக்க எனக்குப் பிடித்த நேரமே அதுதான்.

பாலைவனத்துக்கு வருவோம். ஜெய்சல்மேரிலிருந்து சாம் மணல்மேடுகள் சுமார் 40 கிலோமீட்டர். மாலையில் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும் என்று வடக்கேயோ தெற்கேயோ திரும்புவோம். சிபிஎல் உச்ச வேகத்தில் வேலை செய்வதும் சரியாக அந்தத் திசையில்தான். குறுகிய கோண லென்ஸ் என்றால் பிரமாதம். 16 மிமீ போன்ற அகலக்கோணத்தில் சிக்கல் வரும்: வானத்தின் நடுவே கருநீலத் திட்டு, இரு ஓரமும் வெளிறிப்போய். அதைச் சரிசெய்ய உட்கார்ந்தால் பொறுமை போய்விடும். அகலமாக எடுக்கும்போது வளையத்தைப் பாதிக்குத் திருப்பி நிறுத்துவேன், அல்லது கழற்றியே விடுவேன்.

புழுதிக் காற்று கிளம்பினால் கழற்றுவதில் தயக்கமே வேண்டாம். காற்றிலுள்ள மிக நுண்ணிய துகள்கள் சிதறவிடும் நீலப் புகைமூட்டத்தை மட்டுமே சிபிஎல் வெட்டும். பாலைவனப் புழுதி அதைவிடப் பெரியது. வளையத்தை எப்படிச் சுழற்றினாலும் மங்கல் மங்கல்தான். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளி வேறு வீணாகும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). அந்தி வெளிச்சத்தில் நடக்கும் ஒட்டகத்தை எடுக்க அந்த இரண்டு ஸ்டாப் பெரிய தொகை.

வெள்ளை ரணில் நிலைமை இடத்துக்கு இடம் மாறும். மழைக்காலத்துத் தண்ணீர் வற்றி, குளிர்காலத்தில் உப்பு வெளுத்துக் கிடக்கும். காய்ந்த உப்புப் பாளத்தில் சிபிஎல் கண்கூச்சத்தை அடக்கி வெடிப்புகளைக் காட்டும். ஆனால் மெல்லிய நீர்ப்படலம் தேங்கிய இடத்தில் வானத்தின் பிம்பம்தான் படமே. அதைப் போய் அழிக்கக் கூடாது.

தேரிக்காடு எனக்குத் தனிப் பிரியம். கடலுக்குப் பக்கத்திலேயே இரும்பு ஆக்சைடு பூசிய செம்மணல் மேடுகள், நடுநடுவே பனை. பனையோலையின் வெள்ளைப் பளபளப்பு போனதும் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே வரும் அழுத்தம் இருக்கிறதே, அதற்காகவே இந்த ஃபில்டருக்குக் கொடுத்த காசு தகும்.

சரி, தேய்மானம். முதலில் வைத்திருந்தது அலுமினிய வளையம். மணல்துகள் புகுந்து சுழல மறுத்தது. லென்ஸ் மரையில் இறுகியும் கொண்டது. பிறகு வந்தது பித்தளை வளையம். கனம் கூடுதல், விலையும் கூடுதல், ஆனால் இன்றுவரை இறுகவில்லை. மணலின் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது என்பதால் ப்ளோயரால் ஊதி முடிக்கும்வரை துணியை அருகிலேயே கொண்டுபோக மாட்டேன். கடற்கரையில் வேறு ஒழுங்கு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் படிந்த உப்பு ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மாலையில் படங்கள் மசமசவென்று வருவதற்கு அதுவும் ஒரு காரணம். அறைக்குத் திரும்பியதும் ஃபில்டரைக் கழற்றி நல்ல தண்ணீரில் காட்டி உப்பைக் கரைத்த பிறகே மைக்ரோஃபைபர் துணி. இத்தனைக்கும் பிறகு ஓரத்தில் கோட்டிங் லேசாகத் தேய்ந்திருக்கிறது, படத்தில் தெரியவில்லை. வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள்; உள்ளே இருக்கும் படலம் சூட்டில் பிரிந்துவிடும்.

வாங்குபவர்களுக்கு: உங்கள் லென்ஸ்களிலேயே பெரிய மரை அளவுக்கு ஒன்று வாங்கி, மற்றவற்றுக்கு, சிறிய லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொள்ளுங்கள். டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்திருந்தால் லீனியர் என்ற இன்னொரு வகை போலரைசர் ஆட்டோஃபோகஸைக் குழப்பக்கூடும், சர்குலர்தான் வேண்டும். கடையில் சந்தேகம் வந்தால் லேப்டாப்பின் எல்சிடி திரைமுன் ஃபில்டரைப் பிடித்துச் சுழற்றுங்கள். படமெடுக்கும்போது காட்சியை நோக்கும் பக்கம் திரையைப் பார்த்தால் இருண்டு தெளியும். லென்ஸில் மாட்டும் பக்கம் திரையைப் பார்க்கும்படி திருப்பிச் சுழற்றும்போதும் அப்படியே கும்மிருட்டானால், கையில் இருப்பது லீனியர்.