மறுவாசிப்புக்கு எது: பாஸ்கர்வில் நாயா, ஆக்ராய்ட் கொலையா?

கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் ஒரு துப்பறியும் நாவல் நம்மைப் பிடித்து உட்கார வைக்குமா? இதைப் பார்க்கத்தான் கோனன் டாயிலின் 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' (1902), அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்' (1926) இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். ஆள் யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை.

டாயிலின் பலம், கதை நடக்கும் டார்ட்மூர் என்ற இங்கிலாந்துப் பொட்டல்வெளி. பாறைக் குன்றுகள், மூடுபனி, குதிரையையே உள்ளே இழுத்துக்கொள்ளும் சதுப்பு. மொத்தம் 15 அத்தியாயம்; நடுவில் ஹோம்ஸ் நெடுநேரம் கண்ணிலேயே படுவதில்லை. வாட்சன் கடிதமும் டைரியுமாக அந்த இருட்டில் தனியாகக் கிடக்கிறார். சின்ன வயதில் 'ஹோம்ஸ் எப்போது வருவார்' என்று வேகமாகத் தள்ளிய பக்கங்கள். இப்போது அவைதான் எனக்கு உயிர்.

துப்பு என்று பார்த்தால் கதை வேறு. லண்டன் ஓட்டலில், பாஸ்கர்வில் குடும்ப வாரிசு சர் ஹென்றியின் புது பூட்ஸில் ஒற்றைக் கால் காணாமல் போகிறது. பிறகு அது திரும்பி வருகிறது, பழைய கறுப்பு பூட்ஸில் ஒன்று தொலைகிறது. அருமையான துப்புதான். ஆனால் ஏன் பழையது என்று ஒருமுறை புரிந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது.

கிறிஸ்டியிடம் ஒரு நாற்காலி இருக்கிறது. கொலை தெரியவந்தபோது ஆக்ராய்டின் படிப்பறையில் முதுகு உயர்ந்த நாற்காலி ஒன்று கொஞ்சம் முன்னே இழுக்கப்பட்டிருந்ததாக பட்லர் பார்க்கர் சொல்கிறார். போலீஸோடு திரும்பி வரும்போது அது பழைய இடத்தில் இருந்ததாம். முதல் தடவை அப்படியே கடந்து போனேன். இந்த முறை அந்த வரியில் நின்று, முந்தைய அத்தியாயங்களுக்கு ஓடினேன். யார் எங்கே நின்றார்கள், மணி என்ன, எல்லாம் கண்ணெதிரே கிடந்தது! வாசகரை ஏமாற்றிவிட்டார் என்று அன்று அவர் மேல் எழுந்த புகார் எனக்கு நியாயமாகப் படவில்லை.

குறையும் உண்டு. ஆளுக்கொரு ரகசியம் வைத்திருக்கும் நடுப்பகுதி இழுக்கிறது. அங்கே காப்பாற்றுவது, கதை சொல்லும் டாக்டரின் அக்கா கரோலின்தான். வீட்டில் உட்கார்ந்தபடியே ஊர்ச் செய்தி அத்தனையும் சேர்த்துவிடுவார். கிறிஸ்டியின் புகழ்பெற்ற துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிள் இவரிடமிருந்து பிறந்திருக்கலாம் என்று கிறிஸ்டியே எழுதியிருக்கிறார்.

முதன்முதலாக இந்த வகையைத் தொடுபவருக்கு நான் டாயிலைத்தான் கொடுப்பேன். மறுவாசிப்புக்கு ஆக்ராய்ட், சந்தேகமே இல்லை. ஏற்கெனவே படித்தவர்கள் நான்காம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களை மட்டும் இன்று இரவு மெதுவாக, வரி வரியாகப் படித்துப் பாருங்கள்.