பழைய லிஃப்டுக்குப் புது பேனல்: சில வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

எங்கள் குடியிருப்பு 1994-ல் கட்டியது. சென்னையில் அந்தக் காலத்து அடுக்ககங்களுக்கே உரிய லிஃப்ட்: ஆறு பேர், 408 கிலோ, கையால் இழுத்துச் சாத்தும் கேட், மொட்டை மாடியில் மெஷின் ரூம், அதற்குள் லிஃப்டை இயக்கும் ரிலே பேனல் (ரிலே என்பது மின்சாரத்தால் இழுபடும் சுவிட்ச்). 2019-ல் பேனலை மாற்றினோம். அசோசியேஷனில் லிஃப்ட் விவகாரம் என் தலையில் விழுந்ததால் பழையது, புதியது இரண்டோடும் நன்றாகவே பழகியாயிற்று.

பழைய பேனலைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அது செய்கிற வேலை கண்ணுக்குத் தெரியும். கீழே ஒருவர் பட்டனை அழுத்தினால் எந்த ரிலே இயங்குகிறது, எது இயங்காமல் நிற்கிறது என்று நின்று பார்க்கலாம். சர்க்யூட் படமும் மல்ட்டிமீட்டரும் கையில் இருந்தால் எந்த மெக்கானிக்கும் கோளாறைப் பிடித்துவிடுவார். கான்டாக்ட் கருகியிருக்கும், இல்லாவிட்டால் இடுக்கில் எறும்பு செத்துக் கிடக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ரிலே வாங்கி வந்து மாட்டினால் அன்று மாலையே ஓடும்.

உண்மையில் எங்கள் லிஃப்ட் நின்றதற்கெல்லாம் பெரும்பாலும் காரணம் கதவுதான். ஒவ்வொரு மாடிக் கதவின் பூட்டும், கேபின் கேட்டும், எல்லை தாண்டாமல் தடுக்கும் லிமிட் சுவிட்சும், வேகம் மீறினால் நிறுத்தும் கவர்னர் சுவிட்சும் ஒரே வரிசையில் கோத்த சேஃப்டி சர்க்யூட். அதில் ஒன்று தொடாவிட்டாலும் லிஃப்ட் கிளம்பாது. தண்ணீர் கேன்காரர் காலால் கதவைச் சாத்துகிற வீட்டில் எவ்வளவு விலையுயர்ந்த பேனல் வைத்தாலும் இந்தத் தொல்லை தீராது. அதனால் பேனலை மாற்றுவதற்கு முன்பு கதவுப் பூட்டுகளை மாற்றுங்கள். எங்களுக்குப் பாதி புகார் அதிலேயே குறைந்தது.

இன்னொன்று. கொட்டேஷன் தர வந்த மெக்கானிக் பேனலைத் திறந்ததும் இரண்டு டெர்மினலுக்கு நடுவே இருந்த சின்னச் சிவப்பு ஒயரைத் தொட்டுக் காட்டினார். சுவிட்சைத் தாண்டி நேராக இணைக்கும் அந்த ஒயர்தான் ஜம்பர். "சார், இரண்டாவது மாடிக் கதவு லாக்கை யாரோ ஜம்பர் போட்டு வச்சிருக்காங்க. கதவு திறந்தே இருந்தாலும் லிஃப்ட் கிளம்பிடும்." அதைக் கழற்றியதும் லிஃப்ட் நின்றுபோனது. ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்தவர்கள் புகார் வராமல் இருக்கக் கண்டுபிடித்த வழி அது! உங்கள் பேனலிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பேனலை மாற்றியே தீர வேண்டிய காரணம் லெவலிங், அதாவது கேபின் மாடித் தரைக்குச் சரியாக நிற்பது. இரண்டு வேக மோட்டாரில் (ஓட ஒரு வேகம், நிற்கும் முன் ஒரு வேகம்) சுமைக்குத் தக்கபடி நிற்கும் இடம் மாறும். கேபினுக்குச் சமனாக ரோப்பின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை காலி கேபினைவிடக் கனம். ஆள் குறைவாக மேலே போகும்போது அது இழுத்துக்கொண்டுபோய்த் தரைக்குச் சற்று மேலே நிறுத்தும். ஆள் நிறைந்து இறங்கினால் சற்றுக் கீழே. அந்த ஓர் அங்குலப் படியில் வயதானவர்கள் தடுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

முழு லிஃப்டையும் மாற்றச் சொன்னவர்களும் உண்டு. தேவைப்படவில்லை. கியர் ஆயிலை இறக்கிப் பார்த்தோம். வெண்கலத் துகள் மினுங்கவில்லை, அதாவது கியர் தேயவில்லை. மோட்டாரை மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்துச் சோதித்தார்கள், இன்சுலேஷன் நன்றாக இருந்தது. ஆக மெஷின், கைடு ரெயில், எதிர் எடை எல்லாம் பழையதே. பேனல், மோட்டார் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் வி.வி.வி.எஃப். ட்ரைவ், மோட்டார் சுற்றுவதை அளந்து சொல்லும் என்கோடர், கேபினோடு போய்வரும் கேபிள், பட்டன்கள் புதிது. மோட்டாரின் ஹை ஸ்பீடு வைண்டிங்கை (வேகமாக ஓட்டும் சுருளை) மட்டும் ட்ரைவோடு இணைத்தார்கள். தமிழ்நாட்டில் 1997 சட்டப்படி லிஃப்டுக்கு உரிமம் வேண்டும், பார்ப்பது மின் ஆய்வுத் துறை. வேலை தொடங்கும் முன்பே அங்கே பேசிவிடுவது நல்லது.

கொட்டேஷன்களில் நான் விலையைவிட அழுத்திக் கேட்டது பாஸ்வேர்டைத்தான். சில பேனல்களை விற்றவர் கையிலுள்ள கருவி இல்லாமல் வேறு யாரும் தொட முடியாது. பிறகு ஏ.எம்.சி. கட்டணம் அவர்கள் சொன்னதுதான். நாங்கள் செட்டிங் பாஸ்வேர்ட், பாராமீட்டர் பட்டியல், ஒயரிங் படம் மூன்றும் அசோசியேஷனிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினோம். ஒருவர் அப்போதே பின்வாங்கிவிட்டார். பின்னால் ஏ.எம்.சி. ஆளை மாற்றியபோது புதியவர் அந்தப் படத்தை வைத்தே வேலையைத் தொடங்கினார்.

இப்போது நிற்பது தரைக்குச் சரியாக. கிளம்பும்போது மாடிப்படி விளக்கு மங்குவதும் இல்லை, ட்ரைவ் மெல்ல எடுப்பதால். குறை இல்லாமலும் இல்லை. ஈ.பி. ஆட்கள் டிரான்ஸ்ஃபார்மரில் வேலை பார்த்துவிட்டு மூன்று ஃபேஸ்களின் வரிசையை மாற்றி இணைத்தால் பேனல் எர்ரர் காட்டிவிட்டு அசையாது. பாதுகாப்புக்கான ஏற்பாடுதான், ஆனால் வாட்ச்மேனுக்கு அதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பேனலின் கார்டு (எலக்ட்ரானிக் சர்க்யூட் பலகை) பழுதானால் ரிலேபோலக் கடையில் வாங்க முடியாது. ரிப்பேருக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். அதற்காகவே மெயின் கார்டு ஒன்றை உபரியாக வாங்கி வைத்திருக்கிறோம்.

பெரிய எதிரி வெயில். மொட்டை மாடி அறையில் மே மாதம் ட்ரைவின் கெப்பாசிட்டர் சீக்கிரம் காய்ந்துவிடும். பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதி என்பது கணக்கு. எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி, கூரைக்கு வெள்ளை பெயின்ட் அடித்தோம். கரன்ட் போனால் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவருகே நிறுத்தும் ஏ.ஆர்.டி. என்ற கருவியின் பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். மாதம் ஒருமுறை மெயினை அணைத்துச் சோதிக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த பட்ஜெட்டில் ரோப்பும் ட்ரைவ் ஃபேனும் இருக்கின்றன. கேட்டை ஆட்டோமேட்டிக் கதவாக்கும் பேச்சு இன்னும் ஜி.பி.எம்.மில் (அசோசியேஷன் பொதுக்குழுவில்) முடியவில்லை.