வேலூர் சர்வேக்கு பிஎஸ்பிபி தாங்குமா?

சர்வே டேட்டாவுக்குப் புள்ளிவிவரக் கணக்குப் போடும் எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளை வாங்கக் காசில்லை, திருட்டுப் பிரதி போடவும் மனசில்லை என்கிறவர்களுக்கு இருக்கும் இலவச மென்பொருள் பிஎஸ்பிபி. சுதந்திர மென்பொருள்களை உருவாக்கும் குனூ திட்டத்தைச் சேர்ந்தது. 1968-ல் வந்து, 2009-ல் ஐபிஎம் கைக்குப் போன எஸ்பிஎஸ்எஸ்ஸின் அதே முகம்தான் இதற்கும்: கீழே டேட்டா வியூ, வேரியபிள் வியூ என்று இரண்டு தாவல்கள், மேலே அனலைஸ் மெனு. எஸ்பிஎஸ்எஸ் கோப்பு இதில் அப்படியே திறக்கும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். லைசென்ஸ் சாவி, காலாவதித் தேதி, இத்தனை பேருக்கு மேல் ஏற்றாதே என்ற தடை எதுவும் கிடையாது.

காட்பாடியிலோ சேர்க்காட்டிலோ படித்துக்கொண்டு ப்ராஜெக்ட் செய்கிற எம்பிஏ மாணவருக்கும், சத்துவாச்சாரியில் இரண்டு பேரை வைத்து மார்க்கெட் சர்வே எடுத்துத் தருகிற சின்ன ஆபீசுக்கும் இது போதுமா என்றால், டேட்டாவைச் சுத்தம் பண்ணவும் அட்டவணை போடவும் தாராளமாகப் போதும். ‘சிக்னிஃபிகன்ஸ்’ (வித்தியாசம் நிஜமா, தற்செயலா என்பதற்கான அளவு) என்று அது காட்டுகிற எண்ணை மட்டும் அப்படியே எடுத்து ரிப்போர்ட்டில் ஒட்டக் கூடாது.

பாக்கெட் இட்லி மாவு யார் வாங்குகிறார்கள், வாரத்துக்கு எத்தனை தடவை என்று 400 வீடுகளில் கேட்டதாக வைத்துக்கொள்வோம். வேலூர் மாநகரில் 200, குடியாத்தத்தில் 200. கீழே வருகிற எண்களெல்லாம் விளக்கத்துக்காகப் போட்ட கணக்கு. மாவு வியாபாரிகள் இதை நம்பி கிரைண்டர் வாங்க வேண்டாம்.

முதல் சிக்கல் டேட்டாவை உள்ளே ஏற்றும்போதே வரும். எக்செல்லில் வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். பட்டியலில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று தனியாக ஒன்று இருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும். பிஎஸ்பிபியில் ஃபைல் மெனுவில் இம்போர்ட் டேட்டா போய், கோப்பைத் தேர்கிற இடத்திலேயே என்கோடிங்கும் (எழுத்தைச் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 தானா என்று பார்த்துவிடுங்கள். வயது எழுதுகிற காலத்தில் (நெடுவரிசையில்) யாராவது ஒருவர் ‘35 வயசு’ என்று அடித்திருந்தாலும் வம்புதான்: அந்தக் காலமே எண்ணாக இல்லாமல் எழுத்து வகையாக ஏறிவிடலாம், பிறகு சராசரி போட முடியாது. எக்செல்லிலேயே திருத்திவிட்டு ஏற்றுவது லேசு.

அடுத்தது எழுத்து வகையின் அகலம். இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். வேரியபிள் வியூவில் ‘விட்த்’ என்பது எழுத்துகளின் எண்ணிக்கை இல்லை, பைட் எண்ணிக்கை. யூடிஎஃப்-8-ல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘காட்பாடி’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு க, துணைக்கால், ட, புள்ளி, ப, துணைக்கால், ட, இகரக் குறி என்று எட்டுக் குறி, அதாவது 24 பைட். அகலம் 20 என்று வைத்தால் ஆறு குறிக்குத்தான் இடம் இருக்கும், ஊர் ‘காட்பா’ என்று நின்றுவிடும். ‘ஏன் இந்த மாவை வாங்குகிறீர்கள்’ போன்ற திறந்த கேள்விக்குக் குறைந்தது 300 கொடுங்கள். வேரியபிள் பெயரை கே1, கே2 மாதிரி ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்துக்கொண்டு, முழுக் கேள்வியைத் தமிழில் லேபிளில் எழுதுவது நல்லது.

‘தெரியாது’, ‘சொல்ல விருப்பமில்லை’ என்ற பதில்களுக்கு 98, 99 என்று கோடு போடுவது வழக்கம். வேரியபிள் வியூவில் மிஸ்ஸிங் வேல்யூஸ் காலத்தில் அவற்றைச் சொல்லாவிட்டால் பிஎஸ்பிபி அவற்றை நிஜ மதிப்பெண் என்றே எடுத்துக்கொள்ளும். 1 முதல் 5 வரை திருப்தி மதிப்பெண். 388 பேரின் சராசரி 3.6, மீதி 12 பேர் 98 என்று வையுங்கள். மொத்தச் சராசரி 6.43 என்று வரும். ஐந்துக்கு ஆறரை! இது கண்ணில் படும் தவறு, அதனால் பிழைத்தோம். ஒரே ஒருவர் 98 என்றால் 3.6 என்பது 3.84 ஆகும், அதை யாரும் சந்தேகப்படப் போவதில்லை. ஒரு வேரியபிளுக்குத் தனித்தனியாக மூன்று கோடுகள் வரை சொல்லலாம், தாராளம்தான். வயதுக்கு மட்டும் 99 வேண்டாம், 999 போடுங்கள்; 99 வயதுப் பாட்டி நிஜமாகவே இருக்கலாம்.

சுத்தம் பண்ணுகிற வேலைக்கு மெனுவை விட, கட்டளைகளை எழுதி ஓட்டுகிற சின்டாக்ஸ் ஜன்னல்தான் சௌகரியம். என்ன செய்தோம் என்பதற்கு எழுத்துப்பூர்வமான சாட்சியும் ஆச்சு. படிவ எண்படி சார்ட் பண்ணி, லாக் ஃபங்ஷனால் மேல் வரிசையோடு ஒப்பிட்டால் ஒரே படிவத்தை இரண்டு முறை அடித்தது மாட்டும். பத்து வாக்கியங்களைக் கொடுத்து 1 முதல் 5 வரை மதிப்பெண் கேட்டதாக வையுங்கள்; எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண்ணை வரிசையாகத் தட்டிவிட்டுப் போனவர்களைப் பிடிக்க, அந்தப் பத்துக் காலத்துக்கும் எஸ்டி ஃபங்ஷன் (பதில்கள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதன் அளவு) போட்டுப் பாருங்கள். விடை பூஜ்யம் என்றால் அந்தப் படிவத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கேள்வி கேட்கப் போனவர் வாரியாக இந்தப் பூஜ்யங்களை எண்ணினால், டீக்கடையில் உட்கார்ந்தே படிவம் நிரப்பியது யார் என்றும் தெரிந்துவிடும்.

சராசரி மதிப்பெண் உண்டாக்கும்போது பத்துக் காலத்தையும் கூட்டிப் பத்தால் வகுக்காதீர்கள். ஒரு பதில் விட்டுப்போனாலும் அந்த ஆளின் மொத்த மதிப்பெண்ணும் காலியாகிவிடும். மீன் ஃபங்ஷன் இருக்கிறது, குழம்புக்கு இல்லை, சராசரிக்கு. ‘மீன்.8’ என்று எழுதினால் பத்தில் எட்டாவது பதில் இருப்பவர்களுக்கு மட்டும் கணக்குப் போடும். எதிர்மறையாகக் கேட்ட வாக்கியங்களை முதலில் 6-லிருந்து கழித்துத் திருப்பிவிட வேண்டும். மறந்தால், வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிற ரிலயபிலிட்டியில் ஆல்ஃபா என்ற எண் 0.7-க்கு ரொம்பக் கீழே விழும், சில சமயம் மைனஸிலேயே போகும். புதுக் காலம் உண்டாக்கும் கம்ப்யூட் கட்டளை எழுதியும் காலம் காலியாகவே இருக்கிறது என்று பதற வேண்டாம். எக்சிக்யூட் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஊருக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு. காந்தி ரோட்டில் நின்று வருவோர் போவோரைப் பிடித்துக் கேட்டால், பாதிப்பேர் சிஎம்சி மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வெளிமாநிலத்தவர். ‘வேலூரில் எத்தனை மாதமாக இருக்கிறீர்கள்’ என்று முதல் கேள்வியாகவே கேட்டிருந்தால்தான் செலக்ட் கேசஸில் அவர்களைத் தனியே ஒதுக்க முடியும். ஒதுக்கும்போது ஃபில்டர் என்பதையே எடுங்கள். டெலீட் கொடுத்துவிட்டு அதே பெயரில் சேமித்தால் போனது போனதுதான். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் தமிழ்ப் படிவம் மட்டும் கொண்டுபோனால் உருது, தெலுங்கு பேசும் வீடுகள் விட்டுப்போகும். அதை எந்த மென்பொருளும் பின்னால் சரிக்கட்டாது.

இனி வெயிட், அதாவது யாருடைய பதிலுக்கு எவ்வளவு எடை என்பது. பகலில் வீடு வீடாகப் போனால் பெண்கள்தான் கிடைப்பார்கள். 400-ல் 300 பெண்கள், 100 ஆண்கள் என்று வையுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 1007 பெண்கள், அதாவது பாதிக்குப் பாதி. ஆகவே பெண்ணுக்கு வெயிட் 0.667, ஆணுக்கு 2. டேட்டா மெனுவில் வெயிட் கேசஸ் போனால் ஒரு நிமிட வேலை. ஆனால் 39,36,331 பேரை எண்ணிய அந்தக் கணக்கு பழைய, பெரிய வேலூர் மாவட்டத்துடையது. 2019 பிரிவினையில் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனி மாவட்டங்களாகிவிட்டன; ஆற்காடு, அரக்கோணம், ஆம்பூர், வாணியம்பாடி எதுவும் இப்போது வேலூரில் இல்லை. தாலுகா அட்டவணையிலிருந்துதான் கூட்டி எடுக்க வேண்டும், அதிலும் கே.வி.குப்பம் தாலுகா அப்போது கிடையாது, ஊர் ஊராகப் பொறுக்க வேண்டும்.

வெயிட் போட்டதும் அட்டவணை சரியாகிவிடும், ஆனால் சிக்னிஃபிகன்ஸ் டெஸ்ட் சரியாகாது. வெயிட்டுகளின் கூட்டுத்தொகையை வர்க்கமாக்கி, வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்கள்: 1,60,000-ஐ 533.3-ஆல் வகுத்தால் 300. நிஜத்தில் 300 பேரின் பலம்தான் கையில் இருக்கிறது. பிஎஸ்பிபியோ 400 என்றே நினைத்து டெஸ்ட் போடும். ஒருவர் ஆயிரம் பேருக்குச் சமம் என்று வெயிட்டைப் பெருக்கிக் கொடுத்தால் நாலு லட்சம் பேரிடம் கேட்டதாக எடுத்துக்கொண்டு, தொட்டதெல்லாம் சிக்னிஃபிகன்ட் என்று சொல்லும். வெயிட்டின் சராசரி 1 வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். வெயிட்டைக் கழற்றிவிடுங்கள். வேலூரில் 200-ல் 90 வீடுகள், குடியாத்தத்தில் 200-ல் 70 வீடுகள் வாரம் இருமுறைக்கு மேல் மாவு வாங்குகின்றன. இரண்டு கேள்விகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைக்கிற கிராஸ்டாப்ஸில் பியர்சன் கை ஸ்கொயர் 4.17, பி மதிப்பு (நிஜ வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரக்கூடிய வாய்ப்பு) 0.041, வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே. உடனே ‘ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு’ என்று எழுதத் தோன்றும். அதே அட்டவணையில் அடுத்து இருக்கும் கன்டினியுவிட்டி கரெக்ஷன் (கொஞ்சம் கறாராகக் குறைத்த கை ஸ்கொயர்) 3.76, பி மதிப்பு 0.052. எதை எடுப்பது என்பதை விடை பார்க்கும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஓட்டை, ஒரு தெருவுக்குப் பத்து வீடு என்று எடுத்திருப்பது. ஒரே தெருவில் ஒரே மளிகைக் கடை, பழக்கமும் ஒத்துப்போகும். அந்த ஒற்றுமை (0 முதல் 1 வரையிலான அளவில்) வெறும் 0.06 என்றாலும், சாம்பிள் எடுத்த விதத்தால் நிச்சயமின்மை எத்தனை மடங்காகிறது என்று சொல்லும் டிசைன் எஃபெக்ட் 1 + 9 × 0.06, அதாவது 1.54. 4.17-ஐ அதால் வகுத்தால் 2.7, பி மதிப்பு 0.10. வித்தியாசம் கரைந்துபோயிற்று. தெருவாரியாக எடுத்த சாம்பிளைக் கணக்கில் கொள்ளும் வசதி பிஎஸ்பிபியில் இல்லை. அதற்கு ஆர் மொழியின் சர்வே பேக்கேஜுக்குத்தான் போக வேண்டும். இல்லையென்றால் இப்படிக் கால்குலேட்டரில் வகுத்துக்கொள்ள வேண்டும்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொன்னால்: ‘எந்தெந்த பிராண்டு தெரியும்’ போன்ற பல பதில் கேள்விக்கு மெனுவில் வழியில்லை. ஒவ்வொரு பிராண்டுக்கும் 0, 1 என்று தனிக் காலம் வைத்தால் சமாளிக்கலாம், அந்தக் காலத்தின் சராசரியை 100-ஆல் பெருக்கினால் சதவீதம். வாடிக்கையாளரைக் குழு பிரிக்க கே-மீன்ஸ் மட்டும் உண்டு, மரக்கிளை மாதிரிப் படிப்படியாகச் சேர்க்கிற ஹையரார்க்கிக்கல் முறை இல்லை. கே-மீன்ஸுக்கு முன்னால் டிஸ்கிரிப்டிவ்ஸில் இசட் ஸ்கோர் (எல்லாக் காலத்தையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது) சேமித்துக்கொள்ளாவிட்டால் மாத வருமானம் ஒன்றே குழுவைத் தீர்மானித்துவிடும், ஏனென்றால் அது ஆயிரங்களில், மற்றவை 1 முதல் 5-ல். ஃபாக்டர் அனாலிசிஸ், ரிக்ரெஷன், இரு பதில் லாஜிஸ்டிக் எல்லாம் நன்றாகவே வேலை செய்கின்றன. வரைபடங்கள் பார்க்கச் சகிக்காது. அவுட்புட்டை ஹெச்டிஎம்எல்லாக எடுத்து, எக்செல்லில் ஒட்டி, படத்தை அங்கே போட்டுக்கொள்ளுங்கள்.