சிட்னி எண்டெவர்: நிலக்கரிக் கப்பலாகப் பார்த்தால்தான் புரியும்

சிட்னியின் டார்லிங் ஹார்பரில், ஆஸ்திரேலிய தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் துறையில் வாம்பயர் போர்க்கப்பலும் ஆன்ஸ்லோ நீர்மூழ்கியும் கட்டிக் கிடக்கின்றன. அதே துறையில்தான் மரக்கப்பல் எண்டெவரும் நிற்கும். முன்னவை இரண்டும் அசல். எண்டெவர் மட்டும், 1768இல் ஜேம்ஸ் குக் பசிபிக் கடலுக்குப் பயணம் போன கப்பலின் மாதிரி. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிரீமாண்டிலில் கட்டி 1993 டிசம்பரில் நீரில் இறக்கியது. இருந்தாலும், ஒரே ஒரு கப்பலுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதில் ஏறுங்கள். கரையோரம் நிற்பதற்காகக் கட்டிய காட்சிப்பொருள் அல்ல இது. பாய் விரித்து உலகத்தையே சுற்றி வந்த கப்பல்.

ஏறுவதற்கு முன் துறையில் நின்றபடி ஐந்து நிமிடம் அணியத்தை, அதாவது கப்பலின் முன்முகத்தைப் பாருங்கள். கூர்மையே இல்லை. கன்னம் உப்பியது போல அகன்று மழுங்கி இருக்கும். அலையைக் கிழித்துப் போவதற்கான முகம் அல்ல அது. பாரம் சுமப்பதற்கான முகம். அசல் கப்பல் 1764இல் இங்கிலாந்தின் விட்பி ஊரில் தாமஸ் ஃபிஷ்பர்னின் பட்டறையில் நிலக்கரி ஏற்றப் பிறந்தது. அப்போது பெயர் ஏர்ல் ஆஃப் பெம்புரோக். 1768 மார்ச்சில் பிரிட்டிஷ் கடற்படை 2,840 பவுண்டு, 10 ஷில்லிங், 11 பென்ஸ் கொடுத்து வாங்கியது. கொள்ளளவு ஏறத்தாழ 368 டன், அகலம் 29 அடி சொச்சம். நல்ல காற்றிலும் மணிக்கு ஏழெட்டுக் கடல் மைலுக்கு மேல் ஓடாது. வேகமான போர்க்கப்பல்கள் கைவசம் இருந்தும் கடற்படை ஏன் இதைத் தேர்ந்தெடுத்தது? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு ஏறினால் ஒவ்வொரு தளமும் பதில் சொல்லும். குக்கின் வீரக்கதையை மட்டும் எதிர்பார்த்து ஏறினால் இருட்டும் கயிறும்தான் கண்ணில் படும்.

மேல்தளத்தில் முதலில் திகைக்க வைப்பது கயிறுதான். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கயிறு, 750 அளவில் மரக் கப்பிகள். அண்ணாந்து பார்த்தால் சிலந்திக்கூடு போலத் தெரியும். அதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கன்னங்கரேலென்று தார் பூசி, இழுத்துக் கட்டி, அசையாமல் நிற்பவை பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகள். வெளிறிய நிறத்தில், கப்பிக்குள் நுழைந்து இறங்கி, கைப்பிடி போன்ற மரமுளைகளில் 8 என்ற எண்ணின் வடிவில் சுற்றியிருப்பவை பாயையும், அதைத் தாங்கும் குறுக்குமரமான பருமலையும் இயக்குபவை. இந்த இரண்டையும் பிரித்தறிந்துவிட்டால், ஒரு கயிற்றை முளையிலிருந்து உச்சி வரை கண்ணாலேயே தொடர்ந்து போகலாம். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதையே விளையாட்டாகச் செய்யலாம். பாய்த்துணி பழைய சணல் கித்தான் அல்ல, அதே தோற்றத்தில் நெய்த செயற்கை இழை. மழையில் நனைந்து மட்காமல் இருக்கச் செய்த மாற்றம், கண்ணை உறுத்தவில்லை.

கீழே இறங்கும் ஏணியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வீட்டு மாடிப்படி போல முன்னோக்கி இறங்காதீர்கள். ஏணியைப் பார்த்துத் திரும்பி நின்று, இரண்டு கையாலும் பிடித்து, பின்னோக்கி இறங்க வேண்டும். தோள்பை, கேமரா, தண்ணீர் பாட்டில் எதுவும் கையில் இருக்கக்கூடாது. குதிகால் செருப்பு வேண்டவே வேண்டாம். சேலையில் வருகிறவர்கள் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்க முயன்றால் மறு கை மட்டும் போதாது. சுடிதாரோ பேன்ட்டோ பாதுகாப்பு. முழங்கால் வலி உள்ளவர்கள் மேல்தளத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

மாலுமிகள் உண்டு உறங்கிய தளம் இந்தக் கப்பலின் ஆகச் சிறந்த பகுதி. கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் மேசைகள், கனத்த இரும்பு அடுப்பு, தலைக்கு மேல் தூளித்தொட்டில்கள். ஒரு தூளிக்குக் கடற்படை ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். ஒரு முழத்துக்கும் குறைவு. ஒரு பகுதியினர் எப்போதும் மேலே காவல் முறையில் இருந்ததால்தான் அந்த இடத்தில் படுக்க முடிந்தது. 1768 ஆகஸ்டில் பிளிமத்திலிருந்து புறப்பட்டபோது கப்பலில் 94 பேர். நிலக்கரி ஏற்றிய காலத்தில் இருந்த சிறு மாலுமிக் கூட்டத்தைப் போலப் பல மடங்கு. அருங்காட்சியகம் தூளிகளை விரித்துக் கட்டியே வைத்திருப்பது நல்ல முடிவு. எண்ணைப் படிப்பதைவிட அந்த நெருக்கத்தைக் கண்ணால் பார்க்கும்போது உறைக்கிறது.

அங்கிருந்து பின்புறம் அதிகாரிகளின் அறைகளுக்குப் போகும் வழியில் கூரை திடீரெனத் தாழ்கிறது. சில இடங்களில் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. தலையை மட்டும் குனிந்தால் போதாது, இடுப்பிலிருந்தே மடங்க வேண்டும். முதல் உத்தரத்தைத் தாண்டியதும் நிமிர்ந்து, இரண்டாவதில் இடித்துக்கொள்வதுதான் வழக்கமாக நடப்பது. இந்தத் தாழ்வு கட்டியவர்களின் பிழை அல்ல. இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸும் அவருடைய ஆய்வுக் குழுவும் சேர்ந்துகொண்டபோது மேலே இருந்த நல்ல அறைகள் அவர்களுக்குப் போயின. அதிகாரிகளுக்காகக் கீழே இடைத்தளம் ஒன்றைத் திணித்தார்கள். நிலக்கரி கொட்டிய இடத்தைப் பாதியாக வெட்டினால் நிற்க உயரம் எங்கிருந்து வரும்?

பின்கோடியில் பெரிய அறை. ஜன்னல் வெளிச்சம், நடுவில் பெரிய மேசை. குக் வரைபடம் வரைந்த அதே அறையில்தான் பேங்க்ஸும் டேனியல் சொலாண்டரும் செடிகளைப் பாடம் செய்தார்கள், சிட்னி பார்க்கின்சன் படம் தீட்டினார். திரும்பி வந்தபோது 30,000க்கும் மேற்பட்ட தாவர மாதிரிகள் இருந்தன. அதுவரை ஐரோப்பிய அறிவியல் அறியாத இனங்கள் மட்டும் சுமார் 1,400. இந்த அறையில் நிற்கும்போது துபையாவையும் நினைக்க வேண்டும். ரையாட்டேயா தீவைச் சேர்ந்த அந்தக் கடலோடி டஹீட்டியில் ஏறி, நியூசிலாந்தில் மாவோரி மக்களோடு பேச வழி செய்தவர். அவர் இல்லாமல் அந்தக் கரையில் பல சந்திப்புகள் இன்னும் மோசமாக முடிந்திருக்கும்.

இப்போது குறைக்கு வருவோம். இந்தக் கப்பலின் உயிர் அதன் வயிற்றில் இருக்கிறது. அங்கேதான் மாதிரி மாறிப் போயிருக்கிறது. அசலில் நிலக்கரி கிடந்த கிடங்குதான் பயணத்துக்கான உணவுக் கிடங்கானது. புளிக்கவைத்த முட்டைக்கோஸ் மட்டும் 7,860 பவுண்டு, அதாவது மூன்றரை டன். காய்ச்சிக் கட்டியாக்கிய சூப் 1,000 பவுண்டு. அவற்றோடு உப்புக்கண்டம், பட்டாணி, தண்ணீர்ப் பீப்பாய்கள். அந்தக் கொள்ளளவுதான், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்கு ஒருவரையும் பலி கொடுக்காமல் பட்டேவியா (இன்றைய ஜகார்த்தா) வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. மாதிரியில் அதே இடத்தில் டீசல் எஞ்சின்கள், ஜெனரேட்டர், நவீன சமையலறை, குளியலறைகள். இன்றைய கடல் பாதுகாப்பு விதிகளுக்கு இவை தேவை, எஞ்சின் இல்லாமல் துறைமுகத்துக்குள் நுழையவும் முடியாது. அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் போகிறவர் கப்பலைப் பார்த்து முடித்த பிறகும் அதன் முக்கால்வாசி அர்த்தத்தைப் பார்க்காமலே இறங்குவார்.

நீருக்கடியில் இருக்கும் தட்டை அடிப்பாகமும் அப்படித்தான், துறையில் நின்றால் தெரியாது. விட்பி நிலக்கரிக் கப்பல்கள் ஓதம் வடிந்து நீர் வற்றும்போது மணலில் நேராக உட்கார்ந்து சரக்கு இறக்கக் கட்டப்பட்டவை. ஏரா (அடிமரம்) ஆழமாகவும் உடல் குறுகலாகவும் உள்ள கப்பல் அப்படி உட்கார்ந்தால் பக்கவாட்டில் சாய்ந்து பலகை பிளக்கும். 1770 ஜூன் 11 இரவு பதினொரு மணி வாக்கில், நீர் ஏறி நின்ற நேரத்தில், எண்டெவர் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளப்பாரில் (கிரேட் பேரியர் ரீஃப்) ஏறி நின்றுவிட்டது. ஆறு பீரங்கி, இரும்பு, கல், பீப்பாய் என்று 40 முதல் 50 டன் வரை கடலில் வீசினார்கள். மறுநாள் பகலில் நீர் ஏறியும் மிதக்க இன்னும் ஒன்றரை அடி போதவில்லை. இரவு ஏற்றத்தில்தான் மிதந்தது. நான்கு பம்புகளில் மூன்றுதான் வேலை செய்தன. பிரித்த பழங்கயிற்று நாரையும் கம்பளியையும் பொடியாக நறுக்கி, ஒரு பாயின் மேல் பிடிபிடியாக ஒட்டி, சாணத்தையும் பூசி, கயிறு கட்டிக் கப்பலின் அடியில் இழுத்துப் போனார்கள். உள்ளே பாயும் நீரின் விசையே அந்த நாரை ஓட்டைக்குள் இழுத்து அடைத்தது. யோசனை தந்தவர் ஜோனதன் மங்க்ஹவுஸ் என்ற இளம் மாலுமி. பிறகு இன்று குக்டவுன் இருக்கும் ஆற்றங்கரையில் கப்பலை இழுத்து மணலில் உட்கார வைத்தபோதுதான் தெரிந்தது: ஓட்டையில் பவளக்கல் துண்டு ஒன்று உடைந்து அப்படியே அடைத்துக்கொண்டிருந்தது. ஏறத்தாழ ஏழு வாரம் அங்கே தங்கிப் பழுது பார்த்தார்கள். அந்த மண் கூகு யிமிதிர் மக்களுடையது. கங்காரு என்ற சொல்லே அவர்களிடமிருந்து கேட்டு எழுதியதுதான். தட்டை அடி இல்லாத கப்பல் என்றால் அந்தப் பயணம் அங்கேயே முடிந்திருக்கும்.

பிழைத்தது பாதிதான். அடியில் செம்புத் தகடு கிடையாது. அசல் பலகைக்கு மேல் மெல்லிய பலகை ஒன்றைப் போர்த்தி, அகலத் தலை ஆணிகளை நெருக்கமாக அடித்து, மரம் துளைக்கும் புழுவைத் தடுக்கப் பார்த்தார்கள். பட்டேவியாவில் கரையேற்றிப் பார்த்தபோது சில பலகைகள் எட்டில் ஒரு அங்குலம்தான் மிச்சமாக இருந்தன. பலகையின் மற்ற கனமெல்லாம் பார் உரசியும் புழு அரித்தும் போய்விட்டது. அவ்வளவு மெல்லிய மரத்துக்கு மேல்தான் அத்தனை பேரும் உறங்கியிருக்கிறார்கள். அதே துறைமுகத்தில் பிடித்த மலேரியாவும் சீதபேதியும் முப்பது பேருக்கு மேல் கொன்றன. துபையா அங்கேயே இறந்தார். பார்க்கின்சனும் வானியலாளர் சார்லஸ் கிரீனும் அங்கிருந்து கிளம்பிய பிறகு கடலில்.

1771 ஜூலையில் நாடு திரும்பிய பிறகான வாழ்க்கையையும் படித்துவிட்டுப் போங்கள். ஃபாக்லந்துத் தீவுகளுக்குச் சரக்குக் கப்பலாக ஓடியது. 1775இல் 645 பவுண்டுக்கு விற்றார்கள். லார்ட் சாண்ட்விச் என்று பெயர் மாறி, அமெரிக்க விடுதலைப் போருக்குப் படை ஏற்றிச் சென்று, அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்து நியூபோர்ட்டில் கைதிகளை அடைக்கும் கப்பலாக நின்று, 1778 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படையைத் தடுக்க அதே துறைமுகத்தில் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது. அங்கு கிடக்கும் சிதைவுகளில் ஒன்று எண்டெவரே என்று 2022 பிப்ரவரியில் இந்த அருங்காட்சியகம் அறிவித்தது. கூட வேலை செய்த ரோட் தீவு ஆய்வுக் குழு, அறிவிப்பு அவசரப்பட்டது என்று மறுத்தது. இரு தரப்பும் உண்டு என்பதை மனதில் வைத்தே அதைப் படிக்க வேண்டும்.

ஒன்றேகால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். காலையில் துறை திறந்தவுடன் போனால் தாழ்ந்த தளத்தில் முன்னும் பின்னும் ஆள் நெருக்காமல் நிதானமாகக் குனிந்து நகரலாம். கப்பல் சில நாட்கள் பயணத்திலோ பழுதுபார்ப்பிலோ இருக்கும். அதனால் கிளம்பும் முன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். மழை நாளில் மேல்தளப் பலகை வழுக்கும், ரப்பர் அடி ஷூ நல்லது. குவீன்ஸ்லாந்துப் பக்கம் போகிறவர்கள் குக்டவுன் அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1770இல் பவளப்பாரில் வீசிய ஆறு பீரங்கிகளையும் 1969இல் கடலடியிலிருந்து எடுத்தார்கள். அவற்றில் ஒன்றும் அசல் கப்பலின் நங்கூரமும் அங்கே இருக்கின்றன.