இன்னோ செட்டப்பா, விக்ஸா? இரண்டாவது வெர்ஷன் போடும்போது தெரியும்

விண்டோஸ் சாஃப்ட்வேருக்கு இன்ஸ்டாலர் (சிஸ்டத்தில் சாஃப்ட்வேரை ஏற்றிவைக்கும் செட்டப் ஃபைல்) எதில் கட்டுவது என்று கேட்டால் என் பதில் இன்னோ செட்டப். விக்ஸ் என்ற டூலில் எம்எஸ்ஐ (விண்டோஸே கையாளும் இன்ஸ்டாலர் ஃபைல்) கட்டி, வடசென்னையின் எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளிலும் மண்ணடி இரும்புக்கடைகளிலும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் இன்னோவுக்கு மாறினேன். எனவே ஒரு பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதிக் கொடுப்பது பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர். வாங்குகிறவர்கள் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை உள்ள சிறு கடைக்காரர்கள். கடைக்கு ஒன்றோ இரண்டோ சிஸ்டம், ஐடி ஆள் என்று யாரும் கிடையாது.

விலை, அளவு இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். இன்னோவுக்கு நான் பெரிதாகச் செலவழிக்கவில்லை. விக்ஸ் ஓப்பன் சோர்ஸ்தான், ஆனால் ஆறாவது வெர்ஷனிலிருந்து அதை வைத்துச் சம்பாதிக்கிறவர்களிடம் பராமரிப்புக் கட்டணம் கேட்கிறார்கள். செட்டப் ஃபைலின் அளவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. விஸார்ட் திரை அழகாக இருக்கிறதா என்று எந்தக் கடைக்காரரும் பார்ப்பதில்லை.

என்எஸ்ஐஎஸ் என்ற இன்னொரு இன்ஸ்டாலர் டூலையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். வின்ஆம்ப் மியூசிக் பிளேயரைத் தந்த நல்சாஃப்ட் நிறுவனத்தில் பிறந்தது, இன்றும் ஓடுகிறது, சின்னது, வேகமானது. ஆனால் அன்இன்ஸ்டாலில் எதை அழிப்பது என்று ஒவ்வொரு வரியாக நாமே எழுத வேண்டும். சோம்பல்பட்டு ‘இன்ஸ்டால் செய்த ஃபோல்டரை மொத்தமாக அழி’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் கதை முடிந்தது. வாடிக்கையாளர் டெஸ்க்டாப்பையே இன்ஸ்டால் இடமாகக் காட்டியிருந்தால், அன்இன்ஸ்டால் அவருடைய டெஸ்க்டாப்பையே துடைத்துவிடும். இதற்கு மேல் ஆன்டிவைரஸ் தொல்லை வேறு. வைரஸ் எழுதுகிறவர்களும் என்எஸ்ஐஎஸ்ஸில் சுருட்டி அனுப்புவதால், நல்ல செட்டப்பையும் சில ஆன்டிவைரஸ்கள் சந்தேகப்படுகின்றன. இன்னோவும் இதற்கு முழு விலக்கல்ல, கொஞ்சம் குறைவு என்பது என் அனுபவம். எம்எஸ்ஐஎக்ஸ் என்ற மைக்ரோசாஃப்டின் புதிய பேக்கேஜ் வகை எனக்கு ஒத்துவராது. டிஜிட்டல் கையெழுத்து இல்லாமல் அது நகராது, விண்டோஸ் 7-இல் நேரடியாக ஓடாது. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டாலும், தண்டையார்பேட்டைப் பக்கம் பல கல்லாக்களில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

மிச்சம் இன்னோவும் எம்எஸ்ஐயும். முதல் தடவை இன்ஸ்டால் செய்வதை வைத்து இந்த இரண்டையும் ஒப்பிடாதீர்கள். புது சிஸ்டத்தில், சுத்தமான விண்டோஸில் எதுவும் ஓடும். நீங்கள் பார்க்க வேண்டியது அப்டேட். ஜிஎஸ்டியில் ஏதாவது மாறும், பிரின்டர் மாறும், புது வெர்ஷன் அனுப்புவீர்கள். அந்தச் சிஸ்டத்தில் அதற்குள் யார் யாரோ கை வைத்திருப்பார்கள்.

அப்டேட் போட்ட மறுநாள் வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “இன்னாண்ணே, புதுசு போட்டும் பழைய பில்லே வருது?”

காரணம் ஃபைல் வெர்ஷன். ஏற்கனவே இருக்கும் ஃபைலின் வெர்ஷன் நம்பரும் புதியதன் நம்பரும் ஒன்றாக இருந்தால், இன்னோவும் எம்எஸ்ஐயும் பழையதை அப்படியே விட்டுவிடும். டாட்நெட்டில் (மைக்ரோசாஃப்டின் புரோகிராமிங் தளம்) எழுதுகிறவர்கள் ஃபைல் வெர்ஷனை 1.0.0.0 என்றே விட்டுவைப்பது சகஜம். நம்பர் மாறாததால் புது எக்ஸிஇ இறங்காது, எந்த எச்சரிக்கையும் வராது, ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று செட்டப் சிரித்துக்கொண்டே போய்விடும். இன்னோவில் அந்த ஃபைல் வரியின் கடைசியில் ‘இக்னோர்வெர்ஷன்’ என்று ஒரு கொடி, அதாவது ஒரு கட்டளைச் சொல், சேர்த்தால் வேலை முடிந்தது. விஸார்டில் உருவாக்கும் ஸ்கிரிப்டில் அது தானாகவே இருக்கும். கையால் வரி சேர்க்கும்போதுதான் விட்டுப்போகும். நம்முடைய சொந்த ஃபைல்களுக்கு மட்டும் போடுங்கள், விண்டோஸ் எல்லாருக்கும் பொதுவாக வைத்திருக்கும் டிஎல்எல் என்னும் துணை ஃபைல்களுக்குப் போடாதீர்கள்.

எம்எஸ்ஐயில் இதே விதி இன்னொரு வேடிக்கையும் காட்டும். தெர்மல் பிரின்டரின் டிஎல்எல் புது வெர்ஷனில் தகராறு செய்கிறது, பழையதையே திரும்ப அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். எம்எஸ்ஐ வேலையைத் தொடங்கும் முன்பே கணக்குப் போட்டுவிடும்: ‘இருக்கும் டிஎல்எல் உயர்ந்த வெர்ஷன், நான் கொண்டுவந்தது தாழ்ந்தது, எனவே வைக்க வேண்டாம்.’ அப்புறம் பழைய சாஃப்ட்வேரை நீக்கும் கட்டம் வரும். அதில் அந்த உயர்ந்த டிஎல்எல்லும் போய்விடும். போட்ட கணக்கை அது திரும்பப் பார்க்காது. கடைசியில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ‘ரிப்பேர்’ கொடுத்தால் டிஎல்எல் வந்துவிடும் என்பது இன்னும் எரிச்சல், ஏனென்றால் வாடிக்கையாளர் ‘இப்போ சரியாயிடுச்சு’ என்று போனை வைத்துவிடுவார், காரணம் நமக்குப் பிடிபடாது. விக்ஸின் மேஜர் அப்கிரேட் (பழையதை நீக்கிப் புதியதை வைக்கும் முறை) வழக்கமாகப் பழையதை முதலிலேயே நீக்குவதால் இந்தக் குழி எப்போதும் வழியிலேயே இருக்கிறது. நீக்கும் கட்டத்தைப் பின்னால் தள்ளி இதைத் தவிர்க்கலாம், ஆனால் அதற்குக் காம்பொனன்ட் விதிகளை (ஃபைல்களை எப்படிப் பிரித்து அடையாளம் கொடுப்பது என்ற எம்எஸ்ஐ விதிகள்) அணுவளவும் பிசகாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

வெர்ஷன் நம்பரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நான்கு எண் கொடுத்தாலும் எம்எஸ்ஐ முதல் மூன்றைத்தான் ஒப்பிடும். 2.4.1.7-க்குப் பின் 2.4.1.8 அனுப்பினால் அதற்கு இரண்டும் ஒன்று. மேஜர் அப்கிரேடில் ‘ஒரே வெர்ஷனையும் அனுமதி’ என்று சொல்லாவிட்டால் பழையது நீங்காது, கன்ட்ரோல் பேனலில் ஒரே பெயரில் இரண்டு வரி நிற்கும்.

இவற்றையெல்லாம் கற்றுக்கொண்டு சமாளிக்கலாம். என்னைக் கடைசியாக எம்எஸ்ஐயிலிருந்து விரட்டியது சி டிரைவ்.

எம்எஸ்ஐ இன்ஸ்டால் ஆனதும் அதன் பிரதி ஒன்று விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘இன்ஸ்டாலர்’ என்ற மறைந்த ஃபோல்டரில், சம்பந்தமில்லாத எண்ணும் எழுத்தும் கலந்த பெயரில் போய் உட்காரும். நாளைக்கு அன்இன்ஸ்டால் செய்யவோ புது வெர்ஷன் போடவோ அந்தப் பிரதி வேண்டும். சரி, எங்கள் ஏரியாவில் என்ன நடக்கும்? சிஸ்டம் ஸ்லோ என்று கடைக்காரர் பக்கத்துத் தெரு சர்வீஸ் தம்பியைக் கூப்பிடுவார். தம்பி எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் டூலை ஓட்டுவார். சின்ன எஸ்எஸ்டியில் பல ஜிபி அடைத்துக்கொண்டு இந்த ஃபோல்டர் நிற்கும். உள்ளே பார்த்தால் புரியாத பெயர்கள். குப்பை என்று நினைத்து அழித்துவிடுவார். அன்றைக்கு ஒன்றும் ஆகாது, சாஃப்ட்வேர் ஜம்மென்று ஓடும். மாதக்கணக்கில் கழித்து நாம் அப்டேட் அனுப்பும்போது 1714 என்ற பிழை வந்து நிற்கும்: பழைய வெர்ஷனை நீக்க முடியவில்லை. நீக்க முடியாததால் புதியதும் ஏறாது. கடைக்காரர் கண்ணுக்கு, சும்மா ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்தவர் நாம்தான்.

இதற்கு மருந்து இருக்கிறது. அந்தக் கடையில் ஓடும் அதே வெர்ஷனின், அதே பில்டின் எம்எஸ்ஐயைக் கொண்டுபோய் எம்எஸ்ஐஎக்ஸெக் என்ற விண்டோஸ் புரோகிராமில் ரிப்பேர் கட்டளை கொடுத்தால் பிரதி திரும்ப உட்காரும். அதே சோர்ஸிலிருந்து இன்று மறுபடி பில்ட் செய்ததை ஏற்காது, ஒவ்வொரு பில்டுக்கும் பேக்கேஜ் கோடு என்ற அடையாளம் மாறும். ஆகவே இதுவரை வெளியிட்ட ஒவ்வொரு எம்எஸ்ஐயையும் பத்திரமாக எடுத்துவைத்திருக்க வேண்டும். அப்படி வைத்திருந்தாலும், எந்தக் கடையில் எந்த பில்ட் என்று தேடிப்பிடித்து எனிடெஸ்கில் (தொலைவிலிருந்து சிஸ்டத்தை இயக்கும் டூல்) உட்கார்ந்தால் அரை நாள் போச்சு. மைக்ரோசாஃப்ட் தரும் நிறுவல் பழுதுபார்க்கும் டூல் சில சமயம் காப்பாற்றும்.

இன்னோவில் இந்த நாடகமே கிடையாது. அன்இன்ஸ்டால் செய்யும் எக்ஸிஇயும் அதன் குறிப்பு ஃபைலும் நம்முடைய ஃபோல்டரிலேயே இருக்கும். அவற்றை யாராவது அழித்துவிட்டால்கூடப் புதிய செட்டப் பழையதை நீக்கப் பார்க்காது, மேலேயே எழுதிக்கொண்டு போகும். ஸ்கிரிப்டில் ஆப்ஐடி என்ற அடையாளம் மாறாமல் இருந்தால் போதும். அதைக் கொடுக்காமல் விட்டால் சாஃப்ட்வேரின் பெயரையே அடையாளமாக எடுத்துக்கொள்ளும். பெயருக்குள் வெர்ஷன் நம்பரைச் சேர்த்திருந்தால் ஒவ்வொரு அப்டேட்டும் தனி சாஃப்ட்வேராக நிற்கும்.

இன்னோவின் குறையையும் சொல்ல வேண்டும். புது வெர்ஷனில் கைவிட்ட ஃபைல்கள் தானாகப் போகாது, ‘இன்ஸ்டால்டிலீட்’ பகுதியில் பெயர் சொல்லி அழிக்க வேண்டும். பாதியில் ரத்து செய்தால், அதற்குள் மேலெழுதிய பழைய ஃபைல்களை மீட்டுத் தராது. அந்த விஷயத்தில் எம்எஸ்ஐ ஒழுங்கானது. நடுவில் கரன்ட் போனால் என்ன செய்வது என்று கேட்பார்கள். திரும்பவும் செட்டப்பை ஓட்டுங்கள், அவ்வளவுதான். இன்னொன்று, 32 பிட்டிலிருந்து 64 பிட் இன்ஸ்டாலுக்கு மாறும்போது ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் பதிவேடு) அது வேறு பக்கம் பார்ப்பதால், பழையதைக் கண்டுகொள்ளாமல் புதிதாக இன்னொன்று போட்டுவிடும். மாறுகிற அந்த ஒரு தடவை மட்டும் பழையதை நீக்கக் கொஞ்சம் புரோகிராம் எழுதிக்கொள்ள வேண்டும்.

பிழை வந்தால் லாக் (இன்ஸ்டால் நடந்த பதிவு) பார்ப்பதிலும் எனக்கு இன்னோவே வசதி, யார் வேண்டுமானாலும் வாசித்துப் புரிந்துகொள்ளலாம். எம்எஸ்ஐ லாக் ஆயிரக்கணக்கான வரி ஓடும். 1603 என்று வந்தால் அதற்கு ‘ஏதோ தோற்றுவிட்டது’ என்பதற்கு மேல் பொருள் இல்லை. லாகில் ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்று தேடி, அதற்கு மேலே உள்ள வரிகளைப் படித்தால்தான் உண்மைக் காரணம் தெரியும்.

எந்த டூலை எடுத்தாலும் சில சங்கடங்கள் மாறாது. டேட்டாபேஸை புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைத்தால், அட்மின் உரிமை இல்லாத லாகினில் எழுத முடியாது, அல்லது பழைய 32 பிட் சாஃப்ட்வேர் என்றால் விண்டோஸ் சத்தமில்லாமல் ‘விர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். காலை ஆள் போட்ட பில் மாலை ஆளின் லாகினில் தெரியவில்லை என்றால் முதலில் அங்கேதான் போய்ப் பாருங்கள். டேட்டாபேஸை புரோகிராம்டேட்டா ஃபோல்டரில் வைத்து, அந்த ஃபோல்டருக்கு எல்லா யூசரும் திருத்தலாம் என்ற அனுமதியைக் கொடுத்துவிடுங்கள். விசி ரன்டைம் (சி++ சாஃப்ட்வேர் ஓடத் தேவையான ஃபைல்கள்) செட்டப் 1638 என்று திருப்பினால் பயப்பட வேண்டாம், அதைவிடப் புதியது ஏற்கனவே இருக்கிறது என்று அர்த்தம். டிஜிட்டல் கையெழுத்தில்லாத செட்டப்பை விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் பாதுகாப்பு நீல எச்சரிக்கைத் திரை காட்டி மறிப்பதும் இரண்டுக்கும் பொது. 2023 ஜூன் முதல் கையெழுத்துச் சாவியை யுஎஸ்பி டோக்கன் போன்ற ஹார்டுவேரில்தான் தருகிறார்கள், செலவைக் கணக்கில் வையுங்கள்.

தமிழ் விஷயத்தில் இன்னோ கொஞ்சம் முந்துகிறது. எம்எஸ்ஐயின் உள்ளே இருப்பது கோடுபேஜ் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணை) காலத்து டேட்டாபேஸ். விண்டோஸில் தமிழுக்கு அந்தப் பழைய கோடுபேஜே கிடையாது. யுடிஎஃப்-8-க்கான 65001-ஐக் கொடுத்து ஒப்பேற்றலாம், ஆனால் அதன் திரைகளில் எழுத்து சரியாக வரும் என்று கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. இன்னோ ஆறாவது வெர்ஷனிலிருந்து முழுக்க யூனிகோட். ஸ்டார்ட் மெனுவில் தமிழ்ப் பெயர் வைப்பதெல்லாம் சாதாரணம். எழுத்துரு வேறு விஷயம். விண்டோஸ் 7-இல் லதா என்ற தமிழ் எழுத்துரு கூடவே வரும்; விண்டோஸ் 10-இல் அது கேட்டால் மட்டும் வரும் கூடுதல் எழுத்துருக்களில் ஒன்று. சிஸ்டம் மாற்றியதும் நிர்மலா எழுத்துரு வந்து உட்கார, எழுத்தின் அகலம் மாறி, மூன்று இஞ்ச் பில்லில் விலைப் பத்தி அடுத்த வரிக்கு வழிந்துவிடும். லதாவை நாமே அனுப்ப லைசென்ஸ் இடம் தராது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் செட்டப்பிலேயே சேர்த்து, பில்லையும் அதற்கே அமைத்துவிடுங்கள். அன்இன்ஸ்டாலில் அதை நீக்காமலிருக்கவும் கொடி உண்டு.

எம்எஸ்ஐயைத்தான் எடுக்க வேண்டிய இடமும் இருக்கிறது. மணலி தொழிற்சாலைகள், துறைமுகத்தைச் சுற்றியுள்ள சரக்கு நிறுவனங்கள் போல, டொமைனும் (எல்லா சிஸ்டத்தையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் நெட்வொர்க்) ஐடி பிரிவும் இருக்கும் இடத்தில் முதல் கேள்வியே ‘எம்எஸ்ஐ இருக்கிறதா’ என்பதுதான். டொமைனின் குரூப் பாலிசி என்ற வசதி வழியாகச் சாஃப்ட்வேரைத் தள்ள எம்எஸ்ஐ வேண்டும், இன்னோவின் எக்ஸிஇயை அது ஏற்காது. சைலன்ட் இன்ஸ்டால் (திரையில் எதுவும் கேட்காமல் போடுவது) கட்டளை இன்னோவிலும் உண்டு, வேறு மேலாண்மை டூல்கள் அதை ஏற்கும். ஆனால் பெரிய நெட்வொர்க்கில் ஒரே இரவில் எல்லா சிஸ்டத்துக்கும் தள்ளிய அனுபவம் எனக்குக் குறைவு. அந்த வேலை பார்க்கிறவர் எம்எஸ்ஐதான் என்று சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

ஏற்கனவே எம்எஸ்ஐயில் கொடுத்துவிட்டு இப்போது இன்னோவுக்கு வர நினைத்தால், இன்னோவின் புதிய செட்டப்புக்குப் பழைய எம்எஸ்ஐ இருப்பதே தெரியாது. இன்னோ ஸ்கிரிப்டில் புரோகிராம் எழுதும் ‘கோடு’ பகுதியில் விண்டோஸைக் கூப்பிட்டு, நம்முடைய அப்கிரேட் கோடுக்குச் (எல்லா வெர்ஷனுக்கும் பொதுவான அடையாளம்) சொந்தமான புராடக்ட் கோடு (போட்டிருக்கும் வெர்ஷனின் அடையாளம்) எது என்று கேட்டு, முதலில் டேட்டாபேஸைப் பிரதி எடுத்து, பிறகு எம்எஸ்ஐஎக்ஸெக்கை வைத்து அதைச் சைலன்ட்டாக நீக்குங்கள். 1618 திரும்பினால் வேறு ஏதோ இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலும்படி எழுதுங்கள். 1714 வந்த கடைகளில் இதுவும் நீக்காது. அங்கே பழைய வரி கன்ட்ரோல் பேனலில் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று வேறு ஃபோல்டரில் போட்டுவிட்டு, டெஸ்க்டாப் ஷார்ட்கட்டை மட்டும் புதியதற்கு மாற்றிவிடுகிறேன்.