மீன்பிடித் தடைக்காலத்தில் பூட்டிவிடும் ஐஸ் கம்பெனியில் ஆறு மாதப் பயிற்சி: பணம் கட்டிவிடாதீர்கள்

இராமநாதபுரம் கடற்கரையில் குளிர்பதனத் தொழிற்பயிற்சி வாங்கித் தருவதாகச் சொல்லி யாராவது டெபாசிட் கேட்டால், தயவுசெய்து கொடுக்காதீர்கள். நான் 15,000 ரூபாய் கொடுத்தேன். அதற்காக வைத்த அம்மாவின் தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது.

நான் படிப்பது சாண்ட்விச் முறை இயந்திரப் பொறியியல். வகுப்பும் வேலைப் பயிற்சியும் மாறி மாறி வரும். பயிற்சிப் பருவத்தில் தினமும் குறிப்பேடு எழுதி, அங்கிருக்கும் பொறியாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஜனவரியில் சேர இடம் கிடைக்காமல் அலைந்தபோது ஒரு தரகர் வந்தார். மண்டபம் பக்கம் ஏற்றுமதி மீனுக்கான குளிர்பதனக் கிடங்கு, அம்மோனியா வாயுவால் குளிரூட்டும் கம்ப்ரசரில் பயிற்சி, மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகை என்றார். டெபாசிட் கடைசியில் திரும்பக் கிடைக்குமாம்.

அப்பா விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் படகு போகாதே, அப்போது அங்கே என்ன வேலை இருக்கும்?"

"படகுக்கு ஐஸ் போடும் இடமில்லை அண்ணே, கிடங்கு. வருடம் முழுக்க ஓடும்" என்றார் தரகர்.

தடைக்காலத்தில் எங்கள் வீட்டில் வருமானம் நின்றுவிடும். அந்த இரண்டு மாதத்தை என் உதவித்தொகையால் ஓட்டிவிடலாம் என்றுதான் தோட்டைக் கழற்றினார் அம்மா.

போய்ப் பார்த்தால் கிடங்கே இல்லை. படகுகளுக்கு ஐஸ் போடும் கம்பெனிதான் இருந்தது. பொறியாளர் என்று ஒருவரும் இல்லை. படகுகள் கடலுக்குப் போகும் நாட்களில் விடியும் முன்பே ஐஸ் கட்டிகளைக் கொக்கியால் இழுத்து, உடைக்கும் மெஷினில் தள்ள வேண்டும். கையுறைகூடத் தரவில்லை. உதவித்தொகை கேட்டால், மூன்று மாதம் சேர்த்துத் தருவோம் என்றார்கள்.

உண்மையில் ஒருநாள்தான் பாடம் நடந்தது. கம்ப்ரசர் அறையில் அம்மோனியா கசிந்து கண் எரிந்தது, மூச்சு அடைத்தது. கம்ப்ரசர் ஓட்டும் அண்ணன் துண்டை நனைத்து என் முகத்தில் கட்டிவிட்டு, கந்தகத் திரி ஒன்றைக் கொளுத்திக் குழாய் இணைப்புகளின் ஓரமாக மெதுவாகக் கொண்டுபோனார். ஒரு வால்வின் அருகே வந்ததும் புகை பால்போல் வெளுத்துத் திரண்டது. "இங்கேதான் கசிகிறது தம்பி" என்று சொல்லி இறுக்கினார். அதுவரை அப்படி ஒரு சோதனை இருப்பதே எனக்குத் தெரியாது. அவர் பட்டமோ டிப்ளமோ பெறாதவர் என்பதால் அவருடைய கையெழுத்தைக் கல்லூரி ஏற்கவில்லை. எனக்கு அங்கே ஏதாவது கற்றுக்கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

ஏப்ரல் 15 அன்று கேட்டில் பூட்டு. "படகு போனதும் வா" என்றார்கள். ஜூனில் போனால், வருகை இரண்டு மாதம் குறைகிறது, சான்றிதழ் தர முடியாது என்றார்கள். பூட்டியது அவர்கள், வருகை குறைந்தது எனக்கு! உதவித்தொகை ஒரு ரூபாய்கூட வரவில்லை. டெபாசிட்டைக் கம்பெனியில் கேள் என்கிறார் தரகர். அப்படி ஓர் ஆளையே தெரியாது என்கிறது கம்பெனி. பணம் அனுப்பிய விவரத்தோடு காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

பிறகுதான் எங்கள் பேராசிரியர் விளக்கினார். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி பழகுநராகச் சேர்த்தால் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். 2019-இல் விதிகளைத் திருத்தியபோது, பட்டப்படிப்பு சாண்ட்விச் மாணவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக 8,000 ரூபாய் வைத்தார்கள். தரகர் அந்தத் தொகையை மட்டும் சரியாகத் தெரிந்துவைத்திருந்தார், நானும் நம்பிவிட்டேன். எனக்கு ஒப்பந்தம் என்று ஒரு தாள்கூடக் கிடையாது. நீங்கள் ஒப்பந்தத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். நம் பக்கத்துப் பட்டப்படிப்பு, டிப்ளமோ பழகுநர் விவகாரங்களைச் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் கவனிக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம். சேரும் முன் ஒருமுறை நேரில் போய், அங்கே வேலை செய்கிறவர்களிடம் தடைக்காலத்தில் இயந்திரம் ஓடுமா என்று கேட்டுவிடுங்கள். மண்டபத்துக்குப் பஸ் ஏறி நான் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும்.

அதே தரகர் இப்போது அடுத்த ஜனவரிக்கு ஆள் சேர்க்கிறார். எங்கள் கல்லூரி இளையவர்கள் இரண்டு பேர் முன்பணம் கொடுத்துவிட்டதாக நேற்று இரவு தெரியவந்தது. மீதிப் பணத்தை வெள்ளிக்கிழமை கட்டச் சொல்லியிருக்கிறாராம். தம்பிகளே, கட்டாதீர்கள், முதலில் என்னிடம் பேசுங்கள்.